‘ரன்’ எல்லாம் ஓட்டமில்லை

அண்ணாச்சி, மும்பைக் கடைக்காரர் ‘ரன்னிங் அவுட் ஆஃப் அல்வா’ என்று எழுதியதை, அல்வா நன்றாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டீர்கள். கையிருப்பு தீரப்போகிறது என்கிறார் அவர். இன்றே சரக்கை அனுப்பிவிடுங்கள்.

ஆங்கில ‘ரன்’ நம் ‘ஓடு’ போலத்தான், ஆனால் பாதி தூரம்வரை. தாமிரபரணி ஓடுகிறது, பாபநாசம் பஸ் ஓடுகிறது. இரண்டுக்கும் ‘ரன்’ பொருந்தும். மூக்கு நமக்கு ஒழுகும், ஆங்கிலக்காரர்களுக்கு அதுவும் ‘ரன்’. துவைத்த சேலையில் சாயம் இறங்கினாலும் ‘ரன்’தான். கடையை அவர்கள் ‘ரன்’ செய்வார்கள், நாம் நடத்துகிறோம். (‘ஏதோ ஓட்டுகிறேன்’ என்றால் வியாபாரம் படுத்துவிட்டது என்று பொருள்!)

பின்னால் ஒட்டும் குட்டிச் சொல்லைக் கவனியுங்கள். ‘அவுட் ஆஃப்’ வந்தால் தீர்வது. ‘இன்டு’ வந்தால் தற்செயலாக எதிர்ப்படுவது, சில சமயம் மோதுவதும்கூட.