லூஃபியின் கனவும் உலகப் பந்தியும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியப் படக்கதைத் தொடரில், ரப்பர்போல் நீளும் உடல்கொண்ட கடற்கொள்ளையன் லூஃபி தன் கூட்டாளிகளிடம் சொல்லும் கனவு எதுவாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. என் தம்பி முடிவே செய்துவிட்டான். கடற்படைக்காரர்கள் உட்பட உலகத்தில் உள்ள எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, ரப்பர் கையை நீட்டி எல்லோர் தட்டிலிருந்தும் இறைச்சியை எடுத்துத் தின்பதுதான் அந்தக் கனவாம். யாரும் மறுப்புச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் கடற்கொள்ளையர்களின் அரசனாக வேண்டுமாம். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் மறுத்துப் பேச முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் தம்பியை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். இந்தக் கனவைப் பற்றி நான் படித்த கனமான ஊகங்கள் பலவற்றைவிட அவருடைய ஊகம் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எய்சிரோ ஓடா 1997 முதல் வரைந்துவரும் கதை இது. அரசனாவது லூஃபியின் கடைசி இலக்கு அல்ல, அதற்கு அப்பால் ஒன்று இருக்கிறது என்பது 2022-இல் வெளிவந்த 1060-ஆம் அத்தியாயத்தில்தான் தெளிவாகிறது. கூட்டாளிகளுக்குக் கேட்ட சொல்லை ஓடா நமக்கு மட்டும் மறைத்துவிடுகிறார். ஆனால் கேட்டவர்களின் முகங்களைக் காட்டுகிறார். நாம் படிக்க வேண்டியது அந்த முகங்களைத்தான்.

உலக அரசைக் கவிழ்ப்பேன், அடிமைகளை விடுவிப்பேன் என்று ஒருவன் சொன்னால் யாராவது சிரிப்பார்களா? லூஃபியின் கனவைக் கேட்டவர்களில் சிலர் சிரிக்கிறார்கள். சிறுவயதில் அவன் அதைச் சொன்னபோது உடன்பிறவாச் சகோதரர்களான ஏஸும் சாபோவும் திகைத்துப்போனார்கள். ஆகவே அது ஒரு குழந்தை வாயில் வரக்கூடிய, கேட்டதும் ‘இது நடக்கிற காரியமா’ என்று தோன்றுகிற ஒன்றாக இருக்க வேண்டும். பந்தி இதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு பெரிய சண்டைக்குப் பிறகும் இந்தக் கப்பல்காரர்கள் விருந்து வைக்கிறார்கள் அல்லவா?

தட்டிலிருந்து எடுப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மீன்மனிதர் தீவில் நாயகனாக இருக்கச் சொல்லிக் கேட்டபோது லூஃபி மறுத்துவிடுகிறான். நாயகன் என்றால் இறைச்சியைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும், எனக்கோ எல்லாவற்றையும் நானே தின்ன வேண்டும் என்கிறான். உங்கள் தம்பிக்கு இது வலுவான சான்றுதான். ஆனால் பிறகு வானோ நாடு வருகிறது. பசியில் வாடும் டாமா என்ற சிறுமி, தனக்கென்று வைத்திருந்த சோற்றை முன்பின் தெரியாத லூஃபிக்குக் கொடுத்துவிட்டு, நஞ்சு கலந்த ஆற்றுநீரைக் குடித்து விழுகிறாள். நான் இந்த நாட்டைவிட்டுப் போகும்போது நீ தினமும் வயிறாரச் சாப்பிடுவாய் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்கிறான் லூஃபி. எப்படிப்பட்ட உலகத்தை உண்டாக்கப் போகிறாய் என்று அந்நாட்டை அடக்கி வைத்திருக்கும் கைடோ கேட்கும்போதும், என் நண்பர்கள் வேண்டிய அளவு சாப்பிடக்கூடிய உலகம் என்பதே அவன் பதில். இந்த இரண்டு இடங்களையும் தம்பியோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அந்தச் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தபோது நான் அழுதேன்.

இன்னொன்று. லூஃபிக்கு முன் கடற்கொள்ளையர்களின் அரசனாக இருந்த ரோஜரும் இதே சொற்களைத்தான் சொன்னார். அதனால்தான் சிறுவன் லூஃபி சொன்னதைக் கேட்டு, முன்பு ரோஜரின் கப்பலில் இருந்த ஷாங்க்ஸ் வியந்துபோனார். ரோஜரோடு பயணம் செய்த ஓடனின் நாட்குறிப்பில் ரோஜரின் சொற்களைப் படித்திருந்த, கைடோவின் பிள்ளை யமாட்டோ, ஏஸ் வழியாக லூஃபியின் கனவைக் கேட்டபோது சிரிக்கவில்லை. அடுத்தவர் தட்டிலிருந்து பறிக்கும் ஆசைக்கு ரோஜரை என்னால் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

ஆகவே பந்தி இருக்கட்டும், இடத்தை மட்டும் மாற்றுவோம். அந்த உலகத்தின் கடல்கள் சுவர்போல் உயர்ந்து நிற்கும் செந்நிறப் பெருநிலத்தால் (ரெட் லைன்) பிரிந்து கிடக்கின்றன. எல்லாக் கடல் மீன்களும் ஒன்றாக நீந்தும் ஒரு கடலைத் தேடித்தான் சமையல்காரன் சான்ஜி கப்பலேறினான். அந்தச் சுவர் உடைந்தால் கடல் ஒன்றாகும், சான்ஜியின் கனவும் நிறைவேறும், பந்திக்கு இடமும் கிடைக்கும். இந்த ஊகம் எனக்கு முன்பே பல ரசிகர்களுக்குத் தோன்றியதுதான். உங்கள் தம்பி அதில் ரப்பர் கையைச் சேர்த்திருக்கிறார்.

அந்தப் பந்தி நடந்தால், லூஃபிக்குப் பக்கத்தில் உட்காருபவரின் தட்டில் இறைச்சி மிஞ்சாது என்பதில் தம்பியோடு முழுமையாக உடன்படுகிறேன். டாமாவின் தட்டைத் தவிர.