டாக்டர் பதில்கள்: காலா அசாரும் உபேந்திரநாத் பிரம்மச்சாரியும்

கேள்வி: ஒட்டுண்ணி நோய்களை எதிர்த்து உழைத்த இந்திய விஞ்ஞானிகளில் உங்களை அதிகம் கவர்ந்தவர் யார்? (வாசகி, கும்பகோணம்)

யோசிக்கவே வேண்டாம், உபேந்திரநாத் பிரம்மச்சாரிதான். ஒட்டுண்ணியியல் கற்பித்த காலத்தில் இவரைப் பற்றிச் சொல்லாமல் காலா அசார் பாடத்தை நான் தொடங்கியதே இல்லை.

காலா அசார் என்பது மணல் ஈ கடித்துப் பரவும் காய்ச்சல். ஒட்டுண்ணி மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பெருகும். கைகால் மெலிந்துபோகும், மண்ணீரல் வீங்கி வயிறு மட்டும் முன்னே தள்ளி நிற்கும். வைத்தியம் பார்க்காவிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். வங்காளத்தையும் அசாமையும் அது அப்படித்தான் வாட்டியது. 1915 வாக்கில் டார்ட்டார் எமெடிக் என்ற ஆண்டிமனி உப்பை ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். பலன் இருந்தது. ஆனால் ஊசி மாதக்கணக்கில் நீளும், போட்டதும் இருமலும் வாந்தியும் வரும். வீட்டில் வேலைக்குப் போக வேறு ஆளில்லாத ஏழை இதை எத்தனை நாள் தாங்குவார்?

பிரம்மச்சாரி 1873இல் பிறந்தவர். கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, அப்புறம்தான் மருத்துவத்துக்கு வந்தார். அந்த வேதியியல்தான் கைகொடுத்தது. ஜெர்மனியில் பால் எர்லிக் ஆர்சனிக்கைக் கரிமச் சேர்மமாக்கி மேகநோய்க்கு மருந்து செய்திருந்தார். ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம். அப்படியானால் ஆண்டிமனியையும் அதேபோல் மாற்றிப் பார்க்கலாமே என்று இறங்கினார்.

கல்கத்தா சியால்டாவில் இருந்த கேம்பெல் மருத்துவப் பள்ளியில் அவர் ஆசிரியர், அங்கேயே மருத்துவரும்கூட. ஆராய்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. எரிவாயு கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, மின்சாரமும் கிடையாது. ராத்திரி வேலை மண்ணெண்ணெய் விளக்கில்தான். அங்கே பிறந்ததுதான் யூரியா ஸ்டிபமைன் என்ற ஆண்டிமனி மருந்து. 1922இல் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார். மாதக்கணக்கில் நீண்ட வைத்தியம் சில வாரங்களில் முடிந்தது. அசாமில் அதைப் பெரிய அளவில் கொடுத்தபோது சாவு எண்ணிக்கை இறங்கியது.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. குணமானவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் தோலில் வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் வந்தன. மருந்து கண்டுபிடித்த பெருமையோடு நின்றுவிடாமல், அந்தத் தோலை ஆராய்ந்து உள்ளே அதே ஒட்டுண்ணி இருப்பதை அதே 1922இல் எழுதினார். தன் மருந்தின் வெற்றிக்குப் பிறகும் நோயாளியை விடாமல் கவனித்திருக்கிறார். இன்றைய இளம் மருத்துவர்கள் அவரிடம் கற்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

கேள்வி: அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்களா? (வாசகர், நாமக்கல்)

இல்லை. 1929இல் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு வரவில்லை. எனக்கு இன்றும் அது ஆற்றாமைதான். 1934இல் சர் பட்டம் கிடைத்தது. 1946இல் காலமானார்.

கேள்வி: இந்த நோய் தமிழ்நாட்டுக்கு வந்ததுண்டா? இப்போது ஒழிந்துவிட்டதா? (வாசகர், சிதம்பரம்)

வந்ததுண்டு. இந்த ஒட்டுண்ணியை 1903இல் கண்டவர்கள் இருவர். ஒருவர் இங்கிலாந்தில் இருந்த லீஷ்மன். மற்றவர் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன். நம்மூர் நோயாளிகளின் மண்ணீரலில்தான் டோனவன் அதைப் பார்த்தார். இருவர் பெயரையும் சேர்த்து ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று பெயர் வைத்தார் ரொனால்ட் ராஸ்.

பீகாரில் ஒட்டுண்ணி ஆண்டிமனிக்கு அடங்காமல் போனதால் அந்த மருந்துகளின் காலம் முடிந்தது. லைபோசோமல் ஆம்போடெரிசின்-பி என்ற மருந்தை ஒரே முறை ஏற்றினால் போதும் என்று முசாஃபர்பூரில் ஷியாம் சுந்தர் குழுவினர் காட்டினார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் வங்கதேசம் இந்நோயை ஒழித்துவிட்டதாக 2023இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. இந்தியாவிலும் நோயாளிகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். ஆனால் பிரம்மச்சாரி சொன்ன அந்தத் தோல் திட்டு உள்ளவர்களைக் கடிக்கும் மணல் ஈ, ஒட்டுண்ணியை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். திட்டு வலிக்காது, காய்ச்சலும் இருக்காது என்பதால் அவர்கள் தாமாக ஆஸ்பத்திரிக்கு வருவது அரிது. பீகார், ஜார்க்கண்ட் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள்தான் வீடு வீடாகப் போய் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.