வாசகர் கேள்வி – பதில்: வான்வழித் தூரமும் டிக்கெட்டில் போட்ட நேரமும்

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சென்னையில் காலை 10.00-க்குப் புறப்பட்டு மாலை 4.50-க்குப் போய்ச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஏழு மணி நேரமா பறக்க வேண்டும்? தூரம் எவ்வளவு?
– அம்மாபேட்டை வாசகி

பதில்: ஏழு மணி நேரம் இல்லை அம்மா, 4 மணி 20 நிமிடம்தான். புறப்படும் நேரம் நம் ஊர்க் கடிகாரப்படி. சேரும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 6.50-இல் 2.30-ஐக் கழித்தால் கணக்குச் சரியாகிவிடும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் அங்கே கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

சென்னை–சிங்கப்பூர் வான்தூரம் சுமார் 2,920 கி.மீ. இதை விமானத்தின் வேகமாக மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் 4 மணி 10 நிமிடம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் நிறுத்துமிடத்துக்கு வருவதும் டிக்கெட் நேரத்தில் அடக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, ஜெட் பறக்கும் உயரத்தில் கீழைக்காற்று பலமாக வீசும். போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும் காற்று. போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இராததற்கு இது முக்கியக் காரணம்.

சேலத்துக்காரர்கள் முதலில் திருச்சியைப் பாருங்கள் என்பேன். திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ.; வானத்தில் அறுபது கி.மீ. கூடுதல், அதாவது நான்கைந்து நிமிடம். தரையிலோ நாமக்கல் வழியாக 145 கி.மீ.யில் திருச்சி விமான நிலையம் போய்விடலாம். மீனம்பாக்கம் 330 கி.மீ.

கேள்வி: சேலம்–சென்னை விமானத்தில் ஒரு மணி நேரம்தானே? ரயிலை விட அதுதானே மேல்?
– ஐந்து ரோடு வாசகர்

பதில்: வான்தூரம் சுமார் 265 கி.மீ.; இங்கே ஓடும் ஏ.டி.ஆர். என்ற சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஆனால் விமான நிலையம் இருப்பது ஓமலூர் பக்கம், காமலாபுரத்தில். அங்கே போக 40 நிமிடம். கவுன்ட்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால் ஒன்றரை மணி முன்னதாக அங்கே இருங்கள். சென்னையில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, மெட்ரோவில் சென்ட்ரல் போக இன்னொரு முக்கால் மணி. கூட்டினால் நாலரை மணியை எட்டுகிறது. வந்தே பாரத் நான்கு மணிக்குள் சென்ட்ரலிலேயே இறக்கிவிடும். பாரிமுனை, எழும்பூர் வேலைக்கு ரயில். கிண்டி, தாம்பரம் என்றால் விமானம்.

மீனம்பாக்கத்தில் வெளிநாட்டு விமானம் மாறுவோர் கவனிக்க: இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. குறைந்தது ஐந்து மணி இடைவெளி விடுங்கள். உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டிக்குப் பொதுவாக 15 கிலோதான். மீதிக்குக் காமலாபுரத்திலேயே காசு கட்ட வேண்டிவரும்.

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காடு 14 கி.மீ. என்கிறது வரைபடம், 30 என்கிறது சாலை. எது சரி?
– ஓமலூர் மாணவர்

பதில்: இரண்டும் சரி. 14 என்பது நேர்கோடு. சாலை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறதே!