நான்காம் வார்த்தை: பிதா குமாரனைக் கைவிட்டாரா?

கேள்வி: பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தையைப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு கதறியபோது பிதா தம் முகத்தைத் திருப்பிக்கொண்டாரா? அப்படியானால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்னும் திரித்துவம் உடைந்ததா என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: உடையவில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். பிதா முகத்தைத் திருப்பினார் என்பதற்கு வழக்கமாகக் காட்டப்படுவது ஆபகூக் 1:13. ஆனால் தீமையைப் பார்க்கமாட்டாதவர் என்று கர்த்தரை அழைக்கும் அதே வசனம், துரோகிகளை மட்டும் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர் என்ற முறையீடாகத் தொடர்வதால், இந்த வாதத்துக்கு அது உதவாது.

இயேசு கதறியது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். வஸ்திரங்களைச் சீட்டுப்போட்டுப் பங்கிட்டதையும், வழிப்போக்கர் தலையைத் துலுக்கித் தூஷித்ததையும் மாற்கு 15ஆம் அதிகாரத்தில் அதே சங்கீதத்தின் சொற்களால் எழுதுகிறார். அதன் 24ஆம் வசனமோ, கர்த்தர் உபத்திரவப்பட்டவனுக்குத் தம் முகத்தை மறைக்கவில்லை, அவன் கூப்பிட்டபோது கேட்டருளினார் என்கிறது. சிலுவையில் "தேவன் கிறிஸ்துவுக்குள்" உலகத்தை ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுவதும் (2 கொரிந்தியர் 5:19) இதனோடு இசைகிறது.

அதற்காக, முடிவில் வெற்றி வருமென்று தெரிந்தே இயேசு ஒரு சங்கீதத்தை ஒப்புவித்தார் என்று இலேசாக்கிவிடாதீர்கள்; என் கணிப்பில் இது முதல் தவறைவிட மோசமானது, ஏனெனில் கதறலையே நடிப்பாக்கிவிடுகிறது. கைவிடப்படுதல் மெய்யாகவே நிகழ்ந்தது: பிதா அவரைத் துன்புறுத்துவோரிடமிருந்து காக்காமல் மரணத்துக்கு விட்டுக்கொடுத்தார் என்றே இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் விளக்கினார். தேவனுடைய நியாயத்தீர்ப்பின் திகிலைக் கிறிஸ்து உள்ளத்தில் முழுவதுமாக அனுபவித்தார் என்று வலியுறுத்திய சீர்திருத்தசபை இறையியலாளர் கால்வினும், பிதா அவர்மேல் ஒருபோதும் பகையோ கோபமோ கொள்ளவில்லை என்று கூடவே எழுதினார். விலகியது துன்பத்திலிருந்து காக்கும் உதவியே தவிர, பிதாவின் அன்பல்ல.

வாலிபர்களிடம் 24ஆம் வசனத்தைத் தாராளமாகக் காட்டலாம். ஆராதனையில் அதற்கு அவசரப்பட வேண்டாம். பதில் வராத ஜெபத்தோடு அமர்ந்திருப்பவருக்கு, தம் கேள்வியை ஆண்டவரும் கேட்டார் என்பதே முதலில் போய்ச் சேரட்டும். "பிதாவே, உம்முடைய கைகளில்" என்பதை ஏழாம் வார்த்தையைப் பேசுபவருக்கு விட்டுவையுங்கள்.