ஹேவ்லாக்கில் இருவருக்கு ஒரு நாள்: டெல்டாக்காரர்கள் கேட்டவையும் பதில்களும்

மன்னார்குடியிலிருந்து: அறுவடை முடிந்து தைக் கடைசியில் நானும் வீட்டுக்காரியும் அந்தமான் போகிறோம் அண்ணே. அங்கே ஹேவ்லாக் தீவில் ஒரே ஒரு முழு நாள்தான். ராதாநகர், காலாபத்தர், எலிஃபெண்ட் மூன்று கடற்கரையையும் பார்த்துவிட முடியுமா?

முடியும் தம்பி, ஆனால் ஆற அமர உட்கார நேரம் இருக்காது. காலையில் ஒரு கரை, மாலையில் ஒரு கரை, நடுவே நிதானமான சாப்பாடும் ஒரு குட்டித் தூக்கமும் போதும். காலாபத்தர் கிழக்குக் கரை, சூரியன் உதிக்கும் பக்கம். ராதாநகர் மேற்குக் கரை, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். நம் நாகப்பட்டினம், தரங்கம்பாடி கரைகளில் அது கிடைக்காது.

பலரும் ஏமாறுவது நேரத்தில்தான். கடிகாரம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான், சூரியன் ஒன்றல்ல. ஹேவ்லாக் நாகையைவிடச் சுமார் 13 பாகை கிழக்கே இருப்பதால் எல்லாம் ஏறத்தாழ 50 நிமிடம் முந்தி நடக்கும். தைக் கடைசியில் காலை 5.40-க்கு உதயம், மாலை 5.20 வாக்கில் அஸ்தமனம். "நாலரைக்குக் கிளம்பலாம்" என்று இருந்தால் பொழுது சாயும் நேரத்தில்தான் போய்ச் சேருவீர்கள். படகுத்துறையிலிருந்து ராதாநகர் சுமார் 12 கி.மீ., ஏற்ற இறக்கமும் வளைவும் உள்ள சாலை. 3 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது பல இடங்களில் தெருவிளக்கு இருக்காது. ஸ்கூட்டர் எடுக்கும்போதே முகப்பு விளக்கையும் பிரேக்கையும் சோதித்துவிடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: வேளாங்கண்ணியில் எந்நேரமும் கடலில் இறங்குகிறோம். ஹேவ்லாக்கில் மட்டும் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், பார்க்கச் சொல்கிறார்களே, ஏன்?

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 2 மீட்டர் அளவுக்குப் போகும். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரை சரிவு குறைந்தது, அடியில் பாறையும் செத்த பவளமும். வற்றத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். குளிக்கப் போனவர்கள் முழங்கால் தண்ணீரில் கூர்ப்பவளத்தின் மேல் தடுமாறி, காலைக் கிழித்துக்கொண்டு திரும்புவார்கள்.

போர்ட் பிளேருக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள், ஹேவ்லாக்குக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் கிழக்குக் கரையில் குளிக்கலாம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே நேற்றுப் போய் வந்தவர் சொன்ன நேரத்தை இன்றைக்கு அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலுள்ள நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும்: அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு, தேதி உங்கள் கையில் இருந்தால் அப்போது போங்கள்.

காலையில் வற்றம் விழுந்தால் காலாபத்தரில் உதயம் பார்த்து நடந்துவிட்டு வாருங்கள், குளியலை ராதாநகருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அடி முழுக்க மணல், ஓதத்தால் பெரிய தொந்தரவு இல்லை. பவளம் கிழித்த காயத்தை நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே நிற்கும் துகளை எடுத்துவிட வேண்டும். விட்டால் சீழ் வைக்கும்.

கும்பகோணத்திலிருந்து: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் ருசி வேறு. ஹேவ்லாக்கில் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், அதனால் சின்னக் கடைகளில் கடுகெண்ணெய்ச் சமையல். அந்த வாசனை ஆகாதென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே வேறு எண்ணெயில் செய்யச் சொல்லுங்கள். வறுத்த மீன் எண்ணெயிலேயே காயையும் வதக்குவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். காய்கறியில் பெரும்பகுதி கப்பலில் வருவதால் விலை கூடும், வகை குறையும். இளநீரும் வாழைப்பழமும் உள்ளூர்ச் சரக்கு. பருப்புப்பொடி ஒரு டப்பா எடுத்துப் போனால் வெறும் சோறு கிடைத்தாலும் சாப்பாடாகிவிடும்.

நாகூரிலிருந்து: மீனும் சிங்கி இறாலும் கடற்கரை உணவகத்தில் எடைக்கு விற்கிறார்களாம். எப்படிக் கேட்பது?

விலை நூறு கிராமுக்கா, கிலோவுக்கா, முழு மீனுக்கா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எடை சுத்தம் செய்வதற்கு முன்புள்ளது, சிங்கியில் தலையும் ஓடுமே பெரும்பகுதி. உங்கள் கண்முன் எடை போடச் சொல்லி, மொத்த ரூபாயைக் கேட்ட பிறகு அடுப்புக்கு அனுப்புங்கள். மீன் பார்க்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: செவுள் சிவப்பு, கண் புடைப்பு, அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. இருவருக்கு முக்கால் கிலோ சங்கராவோ களவாவோ தாராளம். சுடச் சொல்கிறீர்களா, தடித்த பகுதியில் எலும்புவரை கீறல் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெளியே கருகி நடுவில் பச்சையாக நிற்கும். சூரை மீனை முழுதாக வேகும்வரை சுட்டால் சக்கையாகிவிடும், அதைக் குழம்பாகக் கேளுங்கள். கிளிமீனை மட்டும் தவிருங்கள். பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்ந்து பவளத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

இரவுச் சாப்பாட்டை 7 மணிக்கே சொல்லி வையுங்கள், ஊர் சீக்கிரம் அடங்கிவிடும்.

திருவாரூரிலிருந்து: ஆற்று நீச்சல் தெரியும், கடல் பழக்கமில்லை. மனைவிக்கு நீச்சலே தெரியாது. பவளம் பார்க்கலாமா?

பார்க்கலாம். மிதவை உடை மாட்டி, ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டால் வழிகாட்டி இழுத்துப் போவார். எலிஃபெண்ட் கடற்கரைக்குப் படகில் காலையிலேயே போங்கள், ராதாநகரோடு சேர்த்தால் அன்றைக்குக் காலாபத்தர் வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கினால் படகிலேயே குமட்டும். முகக்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும், மீசைக்காரர்களுக்கு மூக்கடியில் கட்டாயம் கசியும், அங்கே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பவளத்தின் மேல் நிற்கவே கூடாது. அது உயிர், ஒரு மிதி போதும் சாவதற்கு.

ராதாநகரில் உயிர்காப்பாளர் கண்ணெதிரே மட்டும் குளியுங்கள். ஓடை கடலில் சேரும் முகத்துவாரங்களில் இறங்காதீர்கள், அங்கே உப்புநீர் முதலை உண்டு. 2010-இல் அந்தப் பகுதியில் ஒரு பயணி முதலைக்குப் பலியானார்.

மயிலாடுதுறையிலிருந்து: சங்கு, சோழி பொறுக்கி வரலாமா?

கூடாது. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டுகூடக் கூடாது. விமான நிலையச் சோதனையில் பிடிபடும்.

பாபநாசத்திலிருந்து: டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று வருகிறது. ஊர் மாறிவிட்டதா?

போர்ட் பிளேர்தான், 2024-இல் பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக் 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு. ஸ்ரீவிஜயம் என்ற பெயர் நம் காதுக்குப் புதிதில்லை: ராஜராஜன் காலத்தில் நாகையில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பிய மன்னர்கள் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசைச் சேர்ந்தவர்கள்.

திருவையாற்றிலிருந்து: ஆடிப்பெருக்கை ஒட்டி லீவு. அப்போது போகலாமா?

வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று நேரே ராதாநகரில்தான் மோதும். அலை மிஞ்சிச் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டால் காலைக்கூட நனைக்க விடமாட்டார்கள். படகுச் சேவை ரத்தானால் விமானத்தையும் தவறவிடுவீர்கள். சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் போங்கள். அப்போதும் ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஹேவ்லாக்கை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.