ஒரு ஃபேஷன் டிசைனருக்குத் தினசரி வாழ்க்கையில் யோசனைகள் எங்கிருந்து வருகின்றன? உங்களுக்குப் பிடித்த பருவம் எது?

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் சிக்கலானது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு எந்தப் பருவமும் சரியான நேரத்தில் வராது. வெளியே வெயில் கொளுத்தும். மேசைமேல் கம்பளிக் கோட்டின் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித வடிவம், விரிந்து கிடக்கும். விரல் விறைக்கிற குளிரில் கையில்லாத லினன் சட்டைக்குப் பொத்தான் தேடிக்கொண்டிருப்போம். பெரிய ஃபேஷன் வாரங்களின் கணக்கே அப்படித்தான். இலையுதிர்கால, குளிர்கால உடைகளைப் பிப்ரவரி, மார்ச்சில் மேடையேற்றுவார்கள்; வசந்தகால, கோடைகால உடைகளைச் செப்டம்பர், அக்டோபரில். அவற்றுக்கான துணியை அதற்கும் பல மாதம் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த மேடைகளின் பக்கமே போகாத என்னைப் போன்ற சின்ன ஆட்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. குளிருக்கான உடை குளிர் வருவதற்குள் கடைக்குப் போய்ச் சேர வேண்டுமே.

அதனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மூன்று நோட்டுகள் வைத்திருக்கிறேன்: வெயில் நோட்டு, மழை நோட்டு, குளிர் நோட்டு. அந்தந்தப் பருவத்தில் எழுதுவதோடு சரி. திறந்து படிப்பது ஆறு மாதம் கழித்துத்தான். ஓவியமெல்லாம் கிடையாது. குண்டூசியால் குத்திய துணித் துண்டு, கிழித்த ரசீதின் பின்னால் கிறுக்கிய நாலு கோடு, ‘கழுத்துக்குப் பின்னால்தான் முதலில் வேர்க்கிறது’ என்பது மாதிரியான வரிகள். யோசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இந்த நோட்டுகளைத்தான் காட்ட முடியும். அதிலும் முக்கால்வாசி குப்பை.

போனில் படங்களைச் சேமித்து வைப்பதையும் செய்து பார்த்தேன். இரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. ஒன்றுகூட உடையாகவில்லை. எனக்கு வந்த படம் அதே வாரத்தில் இந்த வேலை செய்கிற எல்லாருக்கும்தான் வந்திருக்கும். அதைவிட முக்கியமாக, படத்தில் துணி அசையாது. எனக்கு வேண்டியதே அந்த அசைவுதான்.

அதைப் பார்க்க வரிசையைப் போல நல்ல இடம் கிடையாது. டிக்கெட் வரிசை, பில் போடும் வரிசை, எதுவானாலும் சரி. நிற்கிறவர்கள் தங்களை அறியாமல் உடையை எங்கெங்கே இழுத்து விடுகிறார்கள் என்று கவனிப்பேன். ஒருவர் காலரைப் பின்னால் தள்ளுவார். ஒருவர் இடுப்புப் பட்டியைத் தூக்கிவிடுவார். ஒருவர் பையிலிருந்து எதையோ எடுக்கப் பாதி உடம்பைச் சாய்ப்பார். ஒவ்வொரு இழுப்பும் யாரோ ஒரு டிசைனர் செய்த பிழை. நான் செய்ததாகவும் இருக்கலாம்.

ஒருநாள் ஒரு பெண் மேலே இருந்த கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். சட்டை மொத்தமும் கூடவே ஏறியது. இன்னொரு கையால் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே கடைசி வரை நின்றார். இவ்வளவுக்கும் அது தொளதொள சட்டை. வீட்டுக்கு வந்து என் பழைய பேட்டர்ன்களை எடுத்துப் பார்த்தால் நானும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆர்ம்ஹோலை, அதாவது சட்டையில் கை பொருத்துகிற வளைவை, கீழே இறக்கி வெட்டினால் கைக்குத் தாராளமாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். கை உடம்பிலிருந்து பிரியும் இடம் கீழே போய்விடுவதால், கையைத் தூக்கும்போது பக்கத் தையல் முழுவதும் சேர்ந்து இழுபடுகிறது. ஆர்ம்ஹோல் அக்குளை ஒட்டி உயரமாக இருந்து, சட்டைக் கையின் மேல் வளைவு கொஞ்சம் உயரம் குறைந்து அகலமாக இருந்தால், கை மட்டும் தூக்கும். சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற விஷயம்தான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் இடது கையைப் பார்த்த பிறகுதான் பென்சிலை எடுத்து ஆர்ம்ஹோலை ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஏற்றினேன்.

சரி, பருவத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது மழை. சந்தேகமே இல்லை. மழை நோட்டுதான் மூன்றிலும் தடிமன். ஈரத்தில் உப்பிப்போனதும் ஒரு காரணம்.

மழையில் ஊரே நிறம் மாறுகிறது. சாம்பல் சட்டையின் தோளில் நாலு துளி விழுந்தால் அந்த இடம் மட்டும் கறுத்துப்போகும். நூலுக்கும் நூலுக்கும் நடுவில் இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் வெளிச்சம் சிதறித் திரும்புவது குறைகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த நனைந்த நிறம் இருக்கிறதே, காய்ந்த துணியில் அதைக் கொண்டுவர எத்தனை முறை சாயப் பட்டறைக்கு நடந்திருக்கிறேன்! துணித் துண்டை நனைத்துக் கையில் கொடுத்து, “காய்ந்த பிறகும் இப்படியே இருக்கணும்” என்பேன். சாயக்காரர் வாங்கிப் பார்ப்பார், என்னையும் பார்ப்பார், “நனைச்சே போட்டுக்கச் சொல்லுங்க” என்பார்.

எனக்கு ஓரளவு பேர் வாங்கித் தந்த பாவாடையும் மழையில்தான் கிடைத்தது. காற்றில் குடை ஒன்று திரும்பிக்கொண்டு கம்பிகள் முறிந்துபோனது. தூக்கிப் போட மனம் வராமல், தையலைப் பிரித்துத் துணியை மட்டும் எடுத்தேன். எட்டுத் துண்டு. நீளமான முக்கோணங்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பேப்பரில் வைத்துக் கோடு போட்டபோது பக்கங்கள் நேராக இல்லை. நடுவில் லேசாக வெளியே வளைந்திருந்தன. அந்த வளைவு இல்லாவிட்டால் குடை கூம்பாக நிற்கும், குவிந்து உருண்டு வராது. உச்சியை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் அது எட்டுத் துண்டுப் பாவாடைதானே என்று அன்று ராத்திரியே மஸ்லினில், அதாவது ஒத்திகைக்கான சாதாப் பருத்தித் துணியில், வெட்டித் தைத்தேன். டம்மியில், அதாவது உடை மாட்டிப் பார்க்கும் பொம்மையில், மாட்டினால் கண்றாவி. வளைவு இடுப்பெலும்புக்கு மேலே வந்து விழுந்ததால் உடம்பைச் சுற்றிக் கூடாரம் அடித்த மாதிரி உப்பி நின்றது. அப்புறம் மூன்று வாரம் அந்த வளைவோடு மல்லுக்கட்டினேன். இடுப்பில் வளைவை எடுத்துவிட்டு உடம்பை ஒட்ட வைத்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேயிருந்து எதிர்ப்பக்கம் வளைத்து விரித்தேன். நடந்தால் கடைசி ஒரு ஜாண் மட்டும் திறந்து மூடும், குடையை லேசாக உதறுகிற மாதிரி. அந்தப் பாவாடையைப் பார்த்து யாருக்கும் குடை நினைவுக்கு வந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மழைவிட்ட மறுநாள் கொடியில் காயும் துணியையும் சொல்ல வேண்டும். ஒரு கைக்குட்டையை ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிட்டால் தட்டையாகப் பலகை போலத் தொங்கும். அதையே ஒரு மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், நெளிந்து குழைந்து விழும். பாவுக்கும் (நீளவாக்கு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) நடுவே 45 டிகிரியில் துணிக்கு இழுவை அதிகம். தையல்காரர்கள் கிராஸ் என்பது அதைத்தான். பாரிஸில் 1912-இல் சொந்தக் கடை தொடங்கிய மட்லேன் வியோனே இந்த ஒரு குணத்தை வைத்து உடம்பின்மேல் தண்ணீர் மாதிரி வழியும் கவுன்களைச் செய்தார். காகிதத்தில் வரைந்து பார்க்காமல் ஒரு சின்ன மரப்பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். என் மேசையிலும் ஒரு பொம்மை உண்டு. பாதி நாள் அதன் தலையில் குண்டூசிதான் குத்தியிருக்கும்.

மழைக்குப் பிறகு வரும் தளிர்களும் எனக்குப் பெரிய சந்தோஷம். ஓர் இலை விசிறி மடிப்போடு வெளியே வந்து ஒரு வாரத்தில் விரிந்துவிடும். விரிந்த பிறகும் மடிந்த இடத்தில் கோடு தெரியும். மடிப்பு என்றதும் எங்கள் துறையில் இரண்டு பேரை நினைக்காமல் இருக்க முடியாது. வெனிஸில் இருந்த மரியானோ ஃபோர்ட்டுனி 1907 வாக்கில் டெல்ஃபோஸ் என்ற பட்டு கவுனைச் செய்தார். மெல்லிய மடிப்பு குலையாமல் இருக்க அதை நூல்கண்டு மாதிரி முறுக்கி வட்டப் பெட்டியில் வைப்பார்கள். ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகே 1993-இல் ‘பிளீட்ஸ் பிளீஸ்’ என்ற மடிப்பு உடை வரிசையைக் கொண்டுவந்தபோது வேலையையே தலைகீழாக்கினார்: மடித்த துணியில் உடை தைக்காமல், உடையைப் பல மடங்கு பெரிதாகத் தைத்துவிட்டு, அப்புறம் காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றினார். பாலியெஸ்டர் சூட்டில் பிடித்த மடிப்பை விடாது. பட்டு அப்படியில்லை, நனைந்தால் மறந்துவிடும். அதனால்தான் ஒன்றைத் துவைத்துச் சுருட்டிப் பெட்டியில் போடலாம், இன்னொன்றைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டியிருக்கிறது.

வெயிலில் எனக்குப் பிடித்தவை இரண்டே. ஒன்று லினன் கசங்குவது. அதைக் குறை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. காலையில் தேய்த்துப் போட்ட லினன் சட்டையில் மாலைக்குள் அந்த ஆள் எப்படி உட்கார்ந்தார், எந்தக் கையை மடித்தார் என்பதெல்லாம் பதிந்துவிடுகிறது. இரண்டாவது, சாயங்கால நிழல். நிழலில் நிறமும் பூவேலையும் பொத்தானும் காணாமல் போய், வெளிக்கோடு மட்டும் நிற்கும். தோள் எங்கே முடிகிறது, கீழ் மடிப்பு எங்கே நிற்கிறது என்பது அதில் பொய் சொல்லாது. நிழலில் நன்றாக இல்லாத உடையை எம்பிராய்டரி போட்டுக் காப்பாற்றப் பார்ப்பது வீண் வேலை. அதையும் செய்திருக்கிறேன்.

வெளிச்சம் என்றதும் ஒரு அவமானம் நினைவுக்கு வருகிறது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கோட்டுத் துணிக்குப் பொருத்தமான பொத்தான்களைக் குழல் விளக்கடியில் வைத்து மணிக்கணக்கில் தேடி எடுத்தேன். இரண்டும் ஒரே பழுப்பு. ஐம்பது கோட்டுக்குத் தைத்தாயிற்று. வாசலில் பகல் வெளிச்சத்தில் முதல் கோட்டை உதறிப் பார்த்தால் பொத்தான் பச்சை அடித்தது! வேறு வேறு சாயத்தில் வந்த ஒரே நிறம் ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொன்றில் பிரிந்துவிடும். இதற்காகத்தான் ஆலைகளில் 6500 கெல்வின் பகல் வெளிச்சத்தை ஒத்த விளக்குப் பெட்டியில் வைத்து நிறம் பார்க்கிறார்கள். நான் இப்போது எதையும் காலையில் ஜன்னலோரம் பார்க்காமல் வாங்குவதில்லை.

பக்கத்தில் எது இருக்கிறது என்பதும் நிறத்தை மாற்றும். பாரிஸில் கோபெலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்ட வேதியியலாளர் ஷெவ்ரெல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நூல்களின் நிறம்தான் கண்ணை ஏமாற்றியது. 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். தெருவில் காய்ந்த இலை நனைந்த தார்மேல் கிடப்பதைப் பார்த்தால் நான் இலையை மட்டும் எடுத்துவர மாட்டேன். இலையும் தாரும் சேர்ந்ததுதான் அந்த நிறம். நோட்டில் இரண்டு துணித் துண்டுகளாகத்தான் குத்துவேன்.

குளிர் நோட்டு மெலிசானது, எனக்குக் குளிர் ஆகாது. ஆனாலும் கம்பளியை மதிக்கிறேன். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. இப்போது வெளியே நல்ல வெயில். மேசைமேல் வரும் குளிருக்கான கோட்டு. நேற்று குளிர் நோட்டைத் திறந்தேன். ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது: ‘காலை 6.40. பஸ் நிறுத்தம். ஏழு பேர். எல்லோருக்கும் பாக்கெட் இருக்கிறது. யாரும் அதில் கை விடவில்லை. வலது கையை இடது சட்டைக் கைக்குள்ளும் இடது கையை வலது சட்டைக் கைக்குள்ளும் நுழைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.’

ஆகவே கோட்டின் கை முனையை இரண்டு சென்டிமீட்டர் அகலப்படுத்தி, உள்ளே ஒரு ஜாண் ஆழத்துக்கு மெத்தென்ற லைனிங் போட்டிருக்கிறேன். நாளை ஃபிட்டிங். போட்டுப் பார்க்க வருகிறவரிடம் இன்னும் சொல்லவில்லை, ஃபேன் ஓடும் அறையா என்றுதான் முதலில் கேட்பார்.