பால் முதல் குடும்பச் சாப்பாடு வரை: குழந்தை உணவு குறித்த கேள்வி பதில்

சிங்கப்பூரில் குழந்தைகளுக்கான உணவியலாளராகப் பணியாற்றும் நம் உறுப்பினர், இவ்வாரம் வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

பொங்கோல்: மகனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. நாங்கள் சாப்பிடும்போது எங்கள் வாயையே பார்க்கிறான். கேழ்வரகுக் கஞ்சி தொடங்கலாம் என்கிறார் மாமியார். தொடங்கலாமா?

பதில்: வாயைப் பார்ப்பது மட்டும் போதாது, அந்த வயதில் குழந்தைகள் கைப்பேசியையும் அப்படித்தான் பார்க்கும். தலை ஆடாமல் நிற்க வேண்டும், சற்றுத் தாங்கிப் பிடித்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும், கரண்டியை உதட்டில் வைத்ததும் நாக்கு உணவை வெளியே தள்ளாமல் உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். இம்மூன்றும் பெரும்பாலான குழந்தைகளிடம் ஆறு மாத வாக்கில் கூடிவருகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதம் என்று சொல்வதும் இதனோடு ஒத்துப்போகிறது. நான்கு மாதத்துக்கு முன் தொடங்கவே கூடாது. அதே வேளையில், ஆறு மாதத்தைத் தாண்டி நெடுநாள் தள்ளிப்போடுவதும் தவறு. பிறக்கும்போது குழந்தை தன்னோடு கொண்டுவந்த இரும்புச்சத்து அந்தச் சமயத்தில்தான் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு.

கேழ்வரகு நல்ல தானியம். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால், முளைகட்டி அரைத்த மாவைப் பயன்படுத்துவது மேல். அதை மட்டுமே நம்பியிராமல், முதல் வாரங்களிலேயே மசித்த கோழி, மீன், நன்கு வெந்த முட்டை, பருப்பு ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். சைவக் குடும்பமென்றால், பருப்போடு அதே வேளையில் சிறிது பப்பாளியோ ஆரஞ்சோ கொடுங்கள். அவற்றிலுள்ள வைட்டமின் சி, பருப்பின் இரும்புச்சத்து உடலில் சேர உதவும். மிக்ஸியில் கூழாக அரைப்பதைச் சில வாரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ்: ஏழு மாத மகளுக்கு மூன்று வேளையும் பருப்புத் தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் கொடுக்கிறோம். நிறையக் குடிக்கிறாள், ஆனால் எடை ஏறவில்லை.

பதில்: இந்த வயதில் வயிற்றின் கொள்ளளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு வேளையில் சுமார் 210 மில்லிலிட்டருக்கு மேல் இடமில்லை. அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் பாலுக்கும் இடமிருக்காது, சோற்றுக்கும் இடமிருக்காது. பருப்பின் புரதமும் இரும்புச்சத்தும் பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடுகின்றன. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்தோடாமல் நிற்கும் அளவுக்கு உணவு கெட்டியாக இருக்க வேண்டும். குழைந்த சாதமும் மசித்த பருப்பும் சேர்த்து, அரைத் தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விடுங்கள். எடை ஏறாததை இங்கே பேசித் தீர்க்க முடியாது. குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

அங் மோ கியோ, ஒரு பாட்டி: நான்கு பிள்ளைகளைப் பருப்புத் தண்ணீர் கொடுத்துத்தான் வளர்த்தேன். எல்லோரும் நன்றாகவே இருக்கிறார்கள். படித்தவர்கள் எதைத்தான் விட்டுவைக்கப்போகிறீர்கள்?

பதில்: அம்மா, உங்கள் பிள்ளைகள் நன்றாக இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சி. தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்: தண்ணீரை மட்டுமா கொடுத்தீர்கள்?

அங் மோ கியோ பாட்டி: அது எப்படி? முதல் நாலு நாள்தான் தண்ணீர். பிறகு அந்தப் பருப்பை விரலால் நசுக்கி, நெய்விட்டுச் சோற்றோடு பிசைந்து ஊட்டினேன். ஒரு வயதில் எங்களோடு உட்கார்ந்து ரசஞ்சாதம் சாப்பிட்டார்கள்.

பதில்: அப்படியானால் நம்மிடையே சண்டையே இல்லை அம்மா. நான் ஒரு பக்கம் எழுதிச் சொன்னதை நீங்கள் மூன்று வரியில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் விரல் அன்று செய்த வேலையை இப்போது வடிகட்டி கெடுத்துவிடுகிறது. பருப்பைக் குப்பையில் போட்டுவிட்டுத் தெளிவைக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள்.

செங்காங்: கெட்டியாகக் கொடுத்தால் மாந்தம் வராதா? எங்கள் வீட்டில் அதற்காக வசம்பு உரசிக் கொடுக்கிறோம்.

பதில்: வராது. ஆறு மாதக் குழந்தையின் குடல், குழைந்த சாதத்தையும் பருப்பையும் செரிக்கும் திறன் பெற்றுவிடுகிறது. வசம்பை நிறுத்துங்கள், அதிலுள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உடையது.

ஈசூன்: எட்டு மாதக் குழந்தைக்குத் தேன்?

பதில்: ஒரு வயது நிறையும்வரை ஒரு துளிகூடக் கூடாது.

தெம்பனிஸ்: தேனைச் சூடாக்கிக் கொடுத்தால்?

பதில்: கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் வீட்டு அடுப்பின் கொதியில் சாவதில்லை. குழந்தையின் குடலில் அவை முளைத்துச் சுரக்கும் நஞ்சு தசைகளை முடக்கும்.

ஜூரோங்: சுத்தமான மலைத்தேன் என்றால்?

பதில்: மேலே உள்ள இரண்டு பதில்களையும் படியுங்கள். அடுத்துக் கேட்கவிருப்பவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: பனங்கற்கண்டும் கருப்பட்டியும் சர்க்கரைதான், அவையும் வேண்டாம்.

புக்கிட் பாத்தோக்: என் அக்காவுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. மகளுக்கு மூன்று வயதுவரை கொடுக்காமல் இருப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: முன்பு அப்படித்தான் சொல்லப்பட்டது. கடுமையான கரப்பான் (எக்ஸிமா எனும் தோல் அழற்சி) அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 குழந்தைகளைக் கொண்டு லண்டனில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு அதைத் தலைகீழாக மாற்றிவிட்டது. நான்கு முதல் பதினொரு மாதத்துக்குள் தொடங்கி ஐந்து வயதுவரை வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து உண்டவர்களிடம், தவிர்த்தவர்களைவிட அந்த ஒவ்வாமை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைவாக இருந்தது. உங்கள் மகளுக்குக் கடுமையான கரப்பானோ வேறு உணவு ஒவ்வாமையோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இல்லையென்றால், மற்ற உணவுகள் பழகியபின், வழவழப்பான கடலை வெண்ணெயைக் கஞ்சியில் கரைத்துச் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். முழுக் கடலை மட்டும் ஐந்து வயதுவரை வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும்.

செம்பவாங்: பதினொரு மாத மகன் மிக்ஸியில் அரைத்ததை மட்டுமே விழுங்குகிறான். ஒரு சோற்றுப் பருக்கை தட்டுப்பட்டாலும் குமட்டுகிறான். பயமாக இருக்கிறது.

பதில்: மிக்ஸியைப் பற்றி நான் அலுக்காமல் சொல்வது இதற்காகத்தான். நாக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி உணவை ஈறுக்குக் கொண்டுபோகும் பழக்கம் ஏழு முதல் ஒன்பது மாதத்தில் எளிதாக வருகிறது. பற்கள் முளைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைப் பழக்கிய குழந்தைகளிடம் பின்னாளில் உணவுச் சிக்கல்கள் கூடுதல் என்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் நடந்த ஆய்வும் காட்டியது. இப்போதும் சரிசெய்யலாம். அதே உணவை முதலில் முள்கரண்டியால் மசித்துக் கொடுங்கள், சில நாள் கழித்துக் கரடுமுரடாக, பிறகு விரலால் நசுங்கும் அளவு வெந்த கேரட் துண்டுகளாக. குழந்தையே கையில் எடுத்துக் கடிக்கட்டும்.

குமட்டல் வேறு, அடைப்பு வேறு. குமட்டும் குழந்தை சத்தமிடும், இருமும், முகம் சிவக்கும். தானே வெளியே தள்ளிவிடும், நீங்கள் வாயில் விரலை விடாதீர்கள். சத்தமே வராமல் மூச்சுத் திணறினால் அது அடைப்பு: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம், பொருள் வெளிவரும்வரை மாறி மாறி, கூட இருப்பவர் உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

குவீன்ஸ்டவுன்: 32 வாரத்தில் பிறந்த இரட்டையருக்கு இப்போது ஆறு மாதம். தொடங்கலாமா?

பதில்: குறைமாதக் குழந்தைகளுக்குத் தொடங்கும் நேரத்தை முடிவு செய்ய வேண்டியவர், அவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவர்தான்.

தேக்கா அருகில் வசிக்கும் ஒரு தந்தை: பத்து மாதக் குழந்தைக்குச் சந்தையில் என்ன மீன் வாங்குவது? இக்கான் பிலிஸ் (காய்ந்த நெத்திலி) பொடி தினமும் போடுகிறோம். மீன் உருண்டையும் விரும்புகிறாள்.

பதில்: முள்ளை எளிதாக நீக்கக்கூடிய காலா மீன் ஏற்றது, துண்டு போடச் சொல்லி வாங்கினாலும் வீட்டில் விரலால் தடவிப் பார்த்த பிறகே ஊட்டுங்கள். பாதரசம் மிகுந்த சுறாவை விட்டுவிடுங்கள். காய்ந்த நெத்திலியில் உப்பு மிகுதி என்பதால் அந்தப் பொடியை ஒரு வயதுவரை நிறுத்திவையுங்கள். மீன் உருண்டையிலும் உப்பு அதிகம். உருண்டையாக, வழுக்கலாக, மூச்சுக்குழாயை அடைக்கும் வடிவில் இருப்பதால் அதைக் குழந்தையின் தட்டில் வைக்கவே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.